எக்ஸ் ஜப்பான் புதுசா கேக்கறவங்களுக்கு எந்தப் பாட்டு முதல்ல? எண்ட்லெஸ் ரெய்னோட நிறுத்திடாதீங்க

நீலரத்தம்89:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மனசுல இருக்கறதை இன்னைக்கு எழுதிடறேன். எக்ஸ் ஜப்பான்ங்கற ஜப்பான் ராக் பேண்டைப் பத்தி யாராவது புதுசா கேட்டா நம்ம ஆளுங்க உடனே அனுப்பற பாட்டு எண்ட்லெஸ் ரெய்ன், அடுத்தது ஃபாரெவர் லவ், அதுக்கு அடுத்து டியர்ஸ். மூணுமே பியானோ, மூணுமே நிதானம், மூணுமே அழ வைக்கும், எல்லாம் சரிதான். ஆனா கேட்டவங்க "ஓ இது சோகப்பாட்டு குரூப்"னு முடிவு பண்ணி அதோட போயிடறாங்க. எனக்குத் தெரிஞ்சே அஞ்சாறு பேர் இப்படிப் போனாங்க, குரெனாய் கேக்கல, சைலண்ட் ஜெலஸி கேக்கல, ரோஸ் ஆஃப் பெய்ன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது.

இவங்களோட வேகப்பாட்டும் மெதுவான பாட்டும் வேற வேற இல்லங்கறதுதான் என் கட்சி. சாவு வீட்டுல மூலையில சத்தமில்லாம உக்காந்திருக்கறவருக்கும் அதே துக்கம்தான், பறை அடிக்கறப்ப முன்னாடி வெறி வந்த மாதிரி ஆடறவருக்கும் அதே துக்கம்தான். ஒருத்தரை மட்டும் பாத்துட்டு வந்தா அந்த வீட்டைப் பாத்ததா ஆகாது.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் அடிப்படை சொல்லிடறேன். சிபா மாகாணத்துல ததேயாமான்னு கடலோர ஊரு. யோஷிகியும் டோஷியும் நாலு வயசுல இருந்தே கூட்டாளிங்க. 1982ல எக்ஸ்னு பேண்ட் ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல அதே பேர்ல வேற பேண்ட் இருந்ததால 1992ல எக்ஸ் ஜப்பான் ஆச்சு. யோஷிகி டிரம்ஸ், பியானோ, பெரும்பாலான பாட்டும் அவர் எழுதினதுதான். டோஷி பாடறவர். ஹிடே, பாட்டா ரெண்டு பேரும் கிடார், தைஜி பேஸ். தைஜி 1992 ஜனவரியில போனப்புறம் ஹீத் வந்தார். முடி, ஒப்பனை, உடுப்புன்னு தோற்றத்தாலயே மிரட்டற ஜப்பான் ராக் பாணிக்கு விஷுவல் கெய்ங்கற பேரே இவங்களால வந்ததுன்னு சொல்லுவாங்க, ஏன்னா 1989ல வந்த ப்ளூ ப்ளட் ஆல்பம் அட்டையில "சைக்கடெலிக் வயலன்ஸ் கிரைம் ஆஃப் விஷுவல் ஷாக்"னு ஒரு வரி இருந்துச்சு.

நீங்க யாருக்காவது அறிமுகப்படுத்தினா எந்தப் பாட்டு தருவீங்க, ஏன்னு காரணத்தோட சொல்லுங்க. என் ஓட்டு குரெனாய்க்கு.

டபுள்பெடல்:

குரெனாய்தான், மறுபேச்சே இல்ல. நான் டிரம்ஸ் கத்துக்கறவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். ஆரம்பத்துல ஹிடேவோட கிடார் ஒத்தையா ஆர்ப்பெஜியோ, அதாவது கார்டோட சுரங்களை ஒண்ணொண்ணா வாசிக்கும், டோஷி இங்கிலீஷ்ல சில வரி மெதுவா பாடுவார், நீங்க பேலட்னு, அதாவது மெதுவான உருக்கப் பாட்டுன்னு நெனச்சு சாஞ்சு உக்காருவீங்க, அப்புறம் ரெண்டு பேஸ் டிரம்மும் சேந்து உருள ஆரம்பிக்கும் பாருங்க, முதுகு தானா நிமிந்துடும். யோஷிகி கால் ரெண்டும் இடைவெளியே விடாம ஓடிட்டே இருக்கும், ஆனா மேல போற மெலடி அந்த அவசரத்துல சிக்காது, நீள நீளமான சுரமா நின்னு நின்னு போகும். இதுதான் அவங்க வேகப்பாட்டோட சூட்சுமம். கீழ ஓட்டம், மேல நிதானம். நம்பலன்னா குரெனாய் மெலடியை மட்டும் எடுத்து கிடார்லயோ பியானோவுலயோ மெதுவா வாசிச்சுப் பாருங்க, அசல் பேலட் கிடைக்கும். அப்ப நீலரத்தம் அண்ணா சொன்னது புரியும்.

இன்னொண்ணு, குரெனாய் ரெண்டு வடிவத்துல இருக்கு. 1988 வேனிஷிங் விஷன் ஆல்பத்துல முழுக்க இங்கிலீஷ், ப்ளூ ப்ளட்ல ஜாப்பனீஸ். ரெண்டாவதைக் கேளுங்க. சொந்த பாஷைக்கு வந்ததும் டோஷி குரல் வேற மாதிரி தெறிக்கும்.

புதுக்காது:

நான்தான் அந்த எண்ட்லெஸ் ரெய்னோட நின்ன ஆளு. ஒரு ஃப்ரெண்ட் அனுப்பினா, ரொம்ப பிடிச்சுது, தினமும் ராத்திரி கேப்பேன், ஆனா அடுத்து என்ன கேக்கறதுன்னு தெரியல. போட்டோவுல முடியை வானத்துக்கு நட்டு நிறுத்தி வச்சுருக்கறதைப் பாத்தா பயமா இருந்துச்சு, இவங்களா அந்தப் பாட்டைப் பாடினாங்கன்னு. இப்ப குரெனாய் கேட்டேன். முதல் தடவை சத்தம் மட்டும்தான் கேட்டுது, ரெண்டாவது தடவை டபுள்பெடல் சொன்ன மாதிரி மேல போற மெலடியை மட்டும் பிடிச்சுட்டுப் போனேன், அப்பதான் பிடி கிடைச்சுது. குரெனாய்னா என்ன அர்த்தம்?

சைதாமா ரயில்:

குரெனாய்னா செக்கச்செவேல்னு இருக்கற சிவப்பு, இலையுதிர் காலத்து மேப்பிள் இலை நிறம்னு வச்சுக்கங்க. நான் வேலைக்காக ஜப்பான்ல இருக்கேன், வந்து ஏழு வருஷம் ஆச்சு. இந்தப் பாட்டு இங்க ராக் ரசிகர்களுக்கு மட்டும் சொந்தம் இல்லங்கறதை வந்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஹைஸ்கூல் பேஸ்பால் போட்டி இங்க பெரிய திருவிழா, கோஷியென் மைதானத்துல நடக்கும், ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு பிராஸ் பேண்ட் கேலரியில உக்காந்து தன் ஸ்கூல் பையன் பேட்டிங் வர்றப்பல்லாம் வாசிக்கும். அங்க குரெனாய் ரொம்ப வருஷமா ஓடிட்டு இருக்கு. வெயில்ல பசங்க ட்ரம்பெட் டிராம்போன் வச்சு ஊத, ஸ்கூல் முழுக்க சேந்து கத்தும். அந்தப் பசங்க பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி வந்த பாட்டு அது, சிங்கிளா வந்தது 1989 செப்டம்பர்.

கராவோகேல இன்னும் தீவிரம். ஆபீஸ்ல அமைதியா இருக்கற சீனியர் ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும், மெதுவான பகுதியைக் கண்ணை மூடிட்டு பாடினார், வேகம் எடுக்கறதுக்கு முன்னாடி "குரெனாய் தாஆஆ"ன்னு டோஷி கத்தற இடத்துல ரூம்ல இருந்த எல்லாரும் சேந்து கத்தினாங்க. எனக்கு ஜாப்பனீஸ் அப்ப நாலு வார்த்தைதான் தெரியும். நானும் கத்தினேன். இந்த ஊரு என்னை உள்ள விட்டுதுன்னு எனக்குத் தோணின முதல் ராத்திரி அது.

மழைவிட்டநேரம்:

நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப் போறன், கோவிக்காதேங்கோ. நீலரத்தம் அண்ணை சொல்லுறது விளங்குது, ஆனா பேலட்டைக் கேட்டு நிண்ட ஆக்கள் ஏதோ அரைகுறையாக் கேட்ட மாதிரி ஒரு தொனி இருக்குது, அது எனக்குச் சரியாப் படேல்ல. எனக்கு முதல் பாட்டு டியர்ஸ். அப்பா போய் ரெண்டு மாசம். ஒரு பாட்டும் கேக்கேலாம இருந்த நேரம். பத்து நிமிஷத்துக்கு மேல போற பாட்டு அது, அவசரமே படுத்தாது, ஓர்கெஸ்ட்ரா மெல்ல மெல்ல ஏறி வரும், கடைசியில ஒரு குரல் பாடாமல் சும்மா பேசும். யோஷிகியின்ர அப்பா அவருக்குப் பத்து வயசா இருக்கேக்க தன்ர உயிரைத் தானே மாய்ச்சவர், டியர்ஸ் அவரை நினைச்சு எழுதினது எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியாமலே அந்தப் பாட்டு எனக்கு ஆரிட்ட கதைக்குது எண்டு விளங்கினது. அந்த நேரம் ஆராவது எனக்கு டபுள் பேஸ் டிரம்ஸைத் தந்திருந்தா நான் இந்த பேண்ட் பக்கமே வந்திருக்க மாட்டன். கேக்கிற ஆள் எந்த நிலைமையில இருக்குது எண்டு பாத்துத்தான் பாட்டைக் குடுக்க வேணும்.

நீலரத்தம்89:

மழைவிட்டநேரம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. என் பதிவுல அந்தத் தொனி வந்திருந்தா மன்னிச்சுக்கங்க. பேலட் குறைச்சல்னு நான் சொல்ல வரல. அதுல நிக்கறவங்க எதை இழக்கறாங்கன்னுதான் ஆதங்கம்.

நீங்க அப்பாவைச் சொன்னதால இதையும் சொல்லிடறேன். யோஷிகி வீடு கிமோனோ கடை வச்சுருந்த வீடு, நாலு வயசுல இருந்து பியானோ, கிளாசிக்கல் படிப்பு. அப்பா போனப்புறம் கிஸ் பேண்ட் கேட்டுட்டு அம்மாகிட்ட டிரம்ஸ் வாங்கித் தரச் சொன்னார். பியானோ முன்னாடியே இருந்துச்சு, டிரம்ஸ் அந்தச் சாவுக்கு அப்புறம் வந்துச்சு. அவர் டிரம்ஸ் வாசிக்கறதைப் பாத்தா தாளம் பிடிக்கற மாதிரியே இருக்காது, எதையோ உடைக்கற மாதிரி இருக்கும். அதனாலதான் டியர்ஸும் சைலண்ட் ஜெலஸியும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு சொல்றேன்.

மழைவிட்டநேரம்:

இதை நான் இப்பிடி யோசிச்சதே இல்ல அண்ணை. சைலண்ட் ஜெலஸியைத் திருப்பிக் கேக்கிறன்.

டபுள்பெடல்:

சைலண்ட் ஜெலஸி கேக்கறவங்க ஜெலஸி ஆல்பத்தை முதல் டிராக்ல இருந்து போடுங்க ப்ளீஸ். முதல்ல ஒரு சின்ன பியானோ பீஸ் வரும், "எஸ் டூர் நோ பியானோ சென்"னு பேரு, ஈ ஃப்ளாட் மேஜர் பியானோ கம்பின்னு அர்த்தம். அது முடிஞ்ச சூட்டோட சைலண்ட் ஜெலஸி பியானோ ஆரம்பிச்சு, அப்படியே வெடிக்கும். ஏழு நிமிஷப் பாட்டு, நடுவுல பியானோவும் கிடாரும் மாத்தி மாத்தி ஓடி வர்ற இடம் இருக்கு, அதை வாசிச்சு பழகறதுக்கு என் ஃப்ரெண்ட் ஆறு மாசம் செலவு பண்ணான். 1991 கடைசியில என்எச்கே கோஹாகு நிகழ்ச்சியில, அதாவது நாடே குடும்பமா உக்காந்து பாக்கற வருஷக்கடைசி நிகழ்ச்சியில, இவ்வளவு வேகமான இந்தப் பாட்டைத்தான் எக்ஸ் வாசிச்சாங்க. பாட்டி தாத்தா எல்லாம் அன்னைக்கு அந்த முடியைப் பாத்துருப்பாங்க.

ஆனா இந்த மாதிரி வாசிச்சதுக்கு யோஷிகி கழுத்து கொடுத்த விலை பெருசு. தலையை ஆட்டி ஆட்டி வாசிச்சு கழுத்து டிஸ்க் போயி, 2009ல ஒரு ஆபரேஷன், 2017ல ஒண்ணு, 2024ல ஒண்ணு. 2017 ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த ஜூலைல ஒசாக்காவுலயும் யோகோஹாமாவுலயும் நடக்க வேண்டிய ஷோவை ரத்து பண்ணாம அகூஸ்டிக்கா மாத்தி நடத்தினாங்க.

தைஜியின் நாலு கம்பி:

எல்லாரும் யோஷிகி யோஷிகின்னே பேசிட்டு இருக்கீங்க, எனக்கு ஆத்தாமையா இருக்கு. நல்லா கேளுங்க, ஜெலஸில பேஸ் என்ன பண்ணுதுன்னு. ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க. தைஜி வாசிக்கற பேஸ் கிடாருக்குக் கீழ ஒளிஞ்சுட்டு இருக்காது, தனியா ஒரு பாட்டு பாடிட்டு வரும். எக்ஸ்க்ளமேஷன்னு ப்ளூ ப்ளட்ல ஒரு இன்ஸ்ட்ருமெண்டல் இருக்கு, அதைக் கேட்டா அந்த மனுஷன் கையில என்ன இருந்துச்சுன்னு தெரியும்.

அப்புறம் வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங். இதை யாருமே சொல்லலையே. மெட்டு தைஜி, வரிகள் டோஷி. தைஜியே அகூஸ்டிக் கிடார் வாசிச்சிருப்பார். தொண்டை கெட்டு பாட முடியாமப் போன ஒரு பாடகனோட பாட்டு அது. டிரம்ஸ் இடி கிடையாது, குரலும் கிடாரும்தான் முன்னாடி நிக்கும். டோஷியோட சொந்த வலி வேணும்னா அவர் வரி எழுதின இந்தப் பாட்டைத்தான் கேக்கணும், வேற யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடறப்ப வர்றதுக்கும் இதுக்கும் குரல்லயே வித்தியாசம் தெரியும்.

1992 ஜனவரி 5, 6, 7ன்னு மூணு நாள் டோக்யோ டோம்ல வாசிச்சுட்டு தைஜி வெளிய போனார். 2011 ஜூலை 17ல சைபான்ல இறந்தார், 45 வயசு. அந்த ஜனவரி 7 ஷோ வீடியோவா வந்திருக்கு. நான் பாத்துருக்கேன், தைஜியை மட்டுமே பாத்தேன், வேற யாரையும் பாக்க முடியல.

மழைவிட்டநேரம்:

வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங் எனக்கும் நெஞ்சுக்குக் கிட்ட. அந்தப் பாட்டைச் சொன்னதுக்கு நன்றி அக்கா.

நீலரத்தம்89:

சரி, தைஜி பேர் வந்தாச்சு, ஹிடே பாட்டும் வரணும். யோஷிகி பாட்டுல எல்லாமே சாவு, ரோஜா, ரத்தம், கண்ணீர்னு இருக்கும், ஹிடே பாட்டு வந்தா ஜன்னல் தொறந்த மாதிரி காத்து வரும். சேடிஸ்டிக் டிசையர், செலப்ரேஷன், ஜோக்கர், மிஸ்காஸ்ட் எல்லாம் குதிச்சு ஆடற பாட்டு. டேலியா ஆல்பத்துல ஸ்கார்ஸ் மட்டும் கறுப்பு, கரகரன்னு 90களோட கனமான கிடார் சத்தம், எக்ஸ் வேற எங்கேயும் அப்படி ஒலிச்சதில்ல. ஹிடே சலூன் வேலை முறையாப் படிச்சு லைசென்ஸ் வாங்கினவர், யோகோசுகா ஊர்க்காரர். அவரோட பிங்க் முடி, உடுப்பு, கிடார்ல இருக்கற டிசைன் எல்லாம் பாட்டோட ஒட்டினது, தனியா பிரிக்க முடியாது. புதுக்காது போட்டோ பாத்து பயந்ததா சொன்னாங்க இல்ல, அந்தத் தோற்றத்தைப் பயமா பாக்காதீங்க. உள்ள இருக்கற சத்தத்துக்கு வெளிய ஒரு உருவம் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

புதுக்காது:

ஜோக்கர் கேட்டேன், அதே பேண்டான்னு ஆச்சரியமா இருக்கு. ஹிடே எப்ப இறந்தார்?

நீலரத்தம்89:

1998 மே 2. 33 வயசு. அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான், 1997 டிசம்பர் 31ல, எக்ஸ் ஜப்பான் டோக்யோ டோம்ல கடைசி ஷோ வாசிச்சு கலைஞ்சிருந்தாங்க. டோஷி அந்த வருஷம் ஏப்ரல்லயே விலகறேன்னு சொல்லிட்டார், செப்டம்பர்ல கலையறதா அறிவிச்சாங்க, டிசம்பர் 31 ராத்திரி டோம்ல ஷோ முடிச்சுட்டு அதே ராத்திரி கோஹாகுல போயி ஃபாரெவர் லவ் வாசிச்சாங்க. அஞ்சு பேரும் சேந்து வாசிச்ச கடைசிப் பாட்டு அது. ஹிடே தன் சொந்த பாட்டுகளோட மும்முரமா இருந்தார், பிங்க் ஸ்பைடர் சிங்கிள் வெளிய வந்தது அவர் போனப்புறம், மே 13. மே 7ல சுகிஜி ஹோங்கான்ஜி கோயில்ல இறுதிச் சடங்கு, ஏறக்குறைய 50,000 பேர் வந்தாங்க. யோஷிகி பியானோ வாசிக்க, டோஷி ஃபாரெவர் லவ் பாடினார். பேண்டை விட்டுப் போனவர், பேசிக்காம இருந்தவங்க, நண்பன் பெட்டிக்கு முன்னாடி சேந்து ஒரு பாட்டு.

அதனால ஃபாரெவர் லவ்வை ஒரு காதல் பாட்டா எனக்குக் கேக்க முடியல. 1996ல அது வந்தது ஒரு அனிமே படத்துக்காக. அப்புறம் கொய்சுமி பிரதமரானப்ப, அவர் இவங்க ரசிகர், 2001ல அவர் கட்சி டிவி விளம்பரத்துக்குக்கூட அந்தப் பாட்டைப் போட்டாங்க. படம், கோஹாகு, சாவு வீடு, தேர்தல் விளம்பரம்னு ஒரே பாட்டு எங்கெங்கேயோ போயிட்டு வந்துருக்கு. எனக்கு அது சுகிஜியில நிக்குது.

சைதாமா ரயில்:

படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல அண்ணா.

கச்சேரிக்குறிப்பு:

கொஞ்சம் மாறுபடறேன். பேண்டோட சோகக்கதையை வச்சே பாட்டை எடை போடறது எனக்கு உடன்பாடில்ல. கதை தெரியாம கேட்டாலும் நிக்கற பாட்டு எது, கதை இருந்தாதான் நிக்கற பாட்டு எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்னு நெனைக்கறேன். என் கணக்குல குரெனாய், சைலண்ட் ஜெலஸி, ரஸ்டி நெயில், எண்ட்லெஸ் ரெய்ன், ஆர்ட் ஆஃப் லைஃப் அஞ்சும் கதையே வேண்டாம், தனியா நிக்கும். லாங்கிங், ஃபாரெவர் லவ் ரெண்டும் அந்த வரிசையில இல்ல. மெட்டு நல்லா இருக்கு, ஆனா ஓர்கெஸ்ட்ரா அளவுக்கு மீறி ஊத்தியிருக்கு, யோஷிகிக்கு எப்ப நிறுத்தணும்னு அங்க தெரியல. டேலியா ஆல்பமே அப்படித்தான், பத்து டிராக்ல ஆறு ஏற்கனவே தனித்தனி சிங்கிளா வந்த பாட்டு, மூணு வருஷத்துல துண்டு துண்டா வந்ததைச் சேத்துக் கட்டினது. ப்ளூ ப்ளட் மாதிரி ஒரே மூச்சுல ஓடாது. கேட்டா எனக்கு தனித்தனி மாளிகையா தெரியுது, தெருவா தெரியல.

ஆனா ரஸ்டி நெயில் தங்கம். நாலு சொட்டு சிந்த்து சத்தத்துல ஆரம்பிச்சு, கிடார் பாய்ஞ்சு வந்து, பாப் பாட்டுக்கு உண்டான கட்டுக்கோப்போட அஞ்சரை நிமிஷத்துல முடிஞ்சுடும். சுத்தி வளைக்கல. மெட்டல் பழக்கம் இல்லாதவங்களுக்கு நான் முதல்ல கொடுக்கறது இதைத்தான். வீடியோவும் அனிமேஷன்ல பண்ணது, பேண்ட் ஆளுங்களையே கார்ட்டூனா வரைஞ்சு.

தைஜியின் நாலு கம்பி:

தெரு உவமை அருமை, ஆனா ஹீத் பக்கம் கொஞ்சம் பேசணும். தைஜி போனதுக்கு ஹீத் மேல கோவப்பட்ட ரசிகர்கள்ல நானும் ஒருத்தி. வருஷக்கணக்கா டேலியாவைக் கேக்காம இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ரிக்கிள் கேட்டேன், ஹீத்தும் பாட்டாவும் சேந்து பண்ண சின்ன இரும்புச் சத்தம் மாதிரி ஒரு டிராக், யாரும் பேசறதே இல்ல. அப்புறம் டிரெய்ன் (Drain). அந்த ஆல்பத்துல ஹீத்தோட சுபாவம் அங்கதான் இருக்கு, இறுக்கமா, அலட்டாம. 2023 அக்டோபர் 29ல கேன்சர்ல போயிட்டார், 55 வயசு. அதே வருஷம் ஜூலைல வந்த ஏஞ்சல்தான் அவர் இருந்தப்ப வந்த கடைசி சிங்கிள். இத்தனை வருஷம் நான் அவரைச் சரியா கேக்கலையேன்னு வருத்தமா இருந்துச்சு, இன்னும் இருக்கு.

டபுள்பெடல்:

கச்சேரிக்குறிப்பு சார், ஃபாரெவர் லவ்ல ஓர்கெஸ்ட்ரா ஜாஸ்திங்கறது ஒத்துக்கறேன், ஆனா டேலியா ஆல்பத்துல இருக்கறது அகூஸ்டிக் வடிவம், அதைத் தனியா கேளுங்க, அந்தக் குறை போயிடும். க்ரூசிஃபை மை லவ்வும் அப்படித்தான், பியானோ, ஸ்ட்ரிங்ஸ், டோஷி, வேற எதுவும் இல்ல, நாலரை நிமிஷம்.

இங்க யாருமே எக்ஸ் பாட்டைப் பத்தி பேசல! பேண்ட் பேரே பாட்டு பேரு. ஷோல அந்தப் பாட்டு வந்தா மொத்த டோமும் கையை தலைக்கு மேல குறுக்க வச்சு எக்ஸ் போட்டுட்டு ஒரே நேரத்துல குதிக்கும். டோஷி "வீ ஆர்"னு கத்த, கூட்டம் "எக்ஸ்"னு திருப்பிக் கத்தும். ஸ்டூடியோ பதிவுல இந்தப் பாட்டு பாதிதான், மீதி பாதி கூட்டத்துகிட்ட இருக்கு. எண்ட்லெஸ் ரெய்னும் அதே கதை, கடைசியில பேண்ட் நிறுத்திடும், ஆயிரக்கணக்கான பேர் அந்த ஒரு வரியை இசையே இல்லாம பாடிட்டே இருப்பாங்க. புதுக்காது, நீங்க ராத்திரி கேக்கற பாட்டோட லைவ் வடிவத்தைக் கேளுங்க. பாட்டு தனியா உங்களுக்கு மட்டும்னு நெனச்சுட்டு இருந்தது டக்குனு பெருசாயிடும்.

புதுக்காது:

கேட்டேன்! 1997 டோம். யாரும் வாசிக்காம கூட்டம் மட்டும் பாடற இடத்துல எனக்குக் கை நடுங்குச்சு, நிஜமா சொல்றேன். ஆர்ட் ஆஃப் லைஃப் பத்தி எல்லாரும் சொல்றீங்க, 29 நிமிஷம்னு போட்டிருக்கு, எப்படி கேக்கறது?

நீலரத்தம்89:

இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். ஃபோனை ஓரமா வைங்க, லைட்டை அணைங்க, ஹெட்ஃபோன் போடுங்க, பாதியில நிறுத்தக் கூடாது.

1993 ஆகஸ்ட் 25ல வந்த ஆல்பம், ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு. முதல்ல ஜெலஸி ஆல்பத்துக்காகத் திட்டம் போட்டது, நீளம் கூடிப் போயி தனியா வந்துச்சு. லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ரா வாசிச்சிருக்காங்க. வரி முழுக்க இங்கிலீஷ். அரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு பாட்டு, அதுவும் புரியாத பாஷையில, அதை ஜப்பான் மக்கள் வாங்கி ஓரிக்கான்ங்கற ஜப்பான் விற்பனைப் பட்டியல்ல முதலிடத்துல உக்கார வச்சாங்க.

ஆரம்பம் பேலட் மாதிரி வரும், அப்புறம் ஓட்டம், நடுநடுவுல பேச்சுக்குரல்கள், திரும்ப ஓட்டம். ஒரு கட்டத்துல எல்லாரும் நின்னுடுவாங்க, பியானோ மட்டும் இருக்கும். ஒரு கை ஒரே வட்டத்தை அமைதியா சுத்திட்டே இருக்கும், இன்னொரு பியானோ மேல வந்து கொஞ்சம் கொஞ்சமா சுதி தப்ப ஆரம்பிக்கும். தப்பு வாசிக்கறாரோன்னு தோணும். அப்புறம் தப்புங்கறதே இல்லாமப் போயி கட்டையைக் கையால அறையற மாதிரி ஆயிடும். பல நிமிஷம் போகும். இங்கதான் நிறைய பேர் ஃபார்வர்ட் பண்ணுவாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கீழ சுத்தற அந்தக் கையைப் பிடிச்சுக்கங்க, அது கடைசி வரைக்கும் விடாது. மேல எல்லாம் உடையறப்பவும் கீழ ஒண்ணு சுத்திட்டே இருக்கும். டபுள்பெடல் குரெனாய்க்கு கீழ ஓட்டம் மேல நிதானம்னு சொன்னார் இல்லையா, இங்க அது தலைகீழா இருக்கும். அப்புறம் ஓர்கெஸ்ட்ரா திரும்பி வர்ற நொடியில என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்.

முடிவு சட்டுனு அறுந்துடும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. முழுப் பாட்டையும் 1993 டிசம்பர் 30, 31 டோக்யோ டோம்ல வாசிச்சாங்க, அந்த வீடியோ இருக்கு. 2008ல திரும்ப சேந்து டோம்ல முதல் நாள் வாசிச்சப்ப ஆர்ட் ஆஃப் லைஃபோட பின்பாதியைத்தான் எடுத்தாங்க, ஹிடே உருவத்தை ஒளியால மேடையில நிறுத்தி.

கச்சேரிக்குறிப்பு:

இந்தப் பதிவுல ஒரு வரிகூட எனக்கு ஆட்சேபம் இல்ல. அந்த பியானோ பகுதிக்காகவே நான் இந்த பேண்டை மன்னிச்சு மன்னிச்சு கேட்டுட்டு இருக்கேன்.

மழைவிட்டநேரம்:

சைலண்ட் ஜெலஸி மூண்டு தரம் கேட்டன். முந்தியும் கேட்டிருக்கிறன், ஆனா அப்ப டிரம்ஸை ஒரு தடையாத்தான் கேட்டிருக்கிறன் போல, பாட்டுக்கும் எனக்கும் நடுவில நிக்கிற ஒண்டு மாதிரி. இந்த முறை அண்ணை சொன்ன பத்து வயசுப் பெடியனை நினைச்சுக் கேட்டன். பிறகு டியர்ஸ் போட்டன். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேக்கேக்க பியானோவில ஒரே விரல்கள் எண்டு தெரிஞ்சுது. வேற எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்ல.

புதுக்காது:

ஆர்ட் ஆஃப் லைஃப் நேத்து ராத்திரி ஒண்ணரை மணிக்குக் கேட்டு முடிச்சேன். பியானோ பகுதியில ரெண்டு தடவை ஃபோனை எடுக்கப் போனேன், எடுக்கல. கீழ சுத்தற கையைப் பிடிச்சுட்டே இருந்தேன். ஓர்கெஸ்ட்ரா வந்தப்ப எந்திரிச்சு உக்காந்துட்டேன், பக்கத்து கட்டில்ல தங்கச்சி என்னாச்சுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல தூங்குன்னேன். முடிவு அறுந்தப்ப நான் மூச்சு பிடிச்சிட்டு இருந்திருக்கேன், அதுவே அப்பதான் தெரிஞ்சுது. எண்ட்லெஸ் ரெய்ன் அனுப்பின ஃப்ரெண்டுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கேன், அவளும் அந்தப் பாட்டோட நின்னவதான்.

சைதாமா ரயில்:

இதை எழுதணும்னே வந்தேன். இன்னைக்கு வேலை முடிஞ்சு ஆத்தங்கரை வழியா ஸ்டேஷனுக்கு நடந்துட்டு இருந்தேன், அந்தப் பக்கம் ஒரு ஹைஸ்கூல் இருக்கு, பிராஸ் பேண்ட் பசங்க கரையில நின்னு தனித்தனியா பழகிட்டு இருப்பாங்க. ஒரு பொண்ணு ட்ரம்பெட்ல குரெனாய், ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வாசிச்சுட்டு இருந்தா, நீளமா பிடிக்க வேண்டிய அந்த மேல் சுரம், மூச்சு பத்தாம ஒவ்வொரு தடவையும் உடைஞ்சுது. டபுள்பெடல் சொன்ன மாதிரி ட்ரம்ஸ் இல்லாம அந்த மெலடி மட்டும், மெதுவா, தண்ணி மேல. நான் நின்னுட்டேன். ஆறோ ஏழோ தடவைக்கு அப்புறம் முழுசா பிடிச்சா. ட்ரெயின் போயிடுச்சு, அடுத்ததுல வந்தேன்.

டபுள்பெடல்:

ரெக்கார்ட் பண்ணலையா?

சைதாமா ரயில்:

இல்ல. தோணவே இல்ல.

புதுக்காது:

அடுத்து 1992 ஜனவரி 7 பாக்கப் போறேன், தைஜி அக்காவுக்காக. பாத்துட்டு வர்றேன்.